ஒரு வயல்... நாலு வரப்பு! சப்நெட் போடத் தெரியுமா உங்களுக்கு?

கையில பேப்பர், பேனா இருக்கா? எடுத்து வெச்சுக்குங்க. இந்த வாரம் சும்மா படிச்சிட்டுப் போற மேட்டர் இல்லை, கூடவே கணக்குப் போட்டுப் பார்க்கிற மேட்டர்.

ரெஸ்யூமேயில 'நெட்வொர்க்கிங்'னு ஒரு வார்த்தை எழுதிட்டா போதும், டெக்னிக்கல் ரவுண்டுல இந்த மாதிரி ஒரு கேள்வி வந்து நிக்கும். "உங்ககிட்ட 192.168.10.0/24னு ஒரு நெட்வொர்க் இருக்கு. காலேஜ்ல கம்ப்யூட்டர் லேபுக்கு 100 சிஸ்டம், லைப்ரரிக்கு 50, ஸ்டாஃப் ரூமுக்கு 25, ஆபீஸுக்கு 12. பிரிச்சுக் கொடுங்க பார்க்கலாம்!"

உடனே மனசு என்ன சொல்லும்? மொத்தம் 256 முகவரி. நாலு பேர். ஆளுக்கு 64. முடிஞ்சது கதை!

கதை முடியலை பாஸ். லேபுல 100 சிஸ்டம் இருக்கே, 64ல எப்படி அடங்கும்? 12 சிஸ்டம் வெச்சிருக்கிற ஆபீஸுக்கு எதுக்கு 64? ஒருத்தருக்குப் பத்தலை, இன்னொருத்தருக்கு வீண். சமமா பிரிக்கிறது வேற, தேவைக்குத் தகுந்த மாதிரி பிரிக்கிறது வேற. சப்நெட்டிங்னா இந்த ரெண்டாவது வேலைதான். ஃபார்முலாவை மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி, யாருக்கு எவ்வளவு வேணும், யாரை யார்கிட்ட இருந்து தள்ளி வைக்கணும்னு கேட்கத் தெரியணும். மத்ததெல்லாம் எட்டாங்கிளாஸ் கணக்கு.

32 ஸ்விட்ச்

ஐ.பி. முகவரிங்கிறது 32 பிட். வரிசையா 32 ஸ்விட்ச் இருக்குன்னு வெச்சுக்குங்க. ஒவ்வொண்ணும் ஆன் அல்லது ஆஃப், அதாவது 1 அல்லது 0. நமக்குப் படிக்க வசதியா இருக்கட்டும்னு எட்டு எட்டா நாலு கூறு போட்டு, ஒவ்வொரு கூறையும் ஒரு எண்ணா எழுதுறோம். எட்டு ஸ்விட்சும் ஆஃப்னா 0. எட்டும் ஆன்னா 255. அதனாலதான் எந்த ஐ.பி. முகவரியிலயும் 256ங்கிற எண்ணைப் பார்க்க முடியாது.

இந்த 32ல முன்பக்கம் இருக்கிற சில பிட், 'எந்த நெட்வொர்க்'னு சொல்லும். மிச்சம் இருக்கிறது, 'அந்த நெட்வொர்க்குல எந்தக் கம்ப்யூட்டர்'னு சொல்லும். முன்பக்கம் எத்தனை பிட்னு சொல்றதுதான் அந்த ஸ்லாஷ். /24ன்னா முதல் 24 பிட் நெட்வொர்க்குக்கு, மீதி 8 பிட் கம்ப்யூட்டர்களுக்கு. 8 பிட்டுல 256 எண் கிடைக்கும். இதையே 255.255.255.0ன்னு எழுதினா, அதுக்குப் பேர் சப்நெட் மாஸ்க். ரெண்டும் ஒரே விஷயம், எழுதுற விதம்தான் வேற.

வரப்பும் மடையும்

வயக்காட்டைப் பார்த்திருக்கீங்கதானே? பெரிய நிலத்தை வரப்பு போட்டுப் பிரிச்சிருப்பாங்க. ஒரு வயல்ல தண்ணி பாய்ஞ்சா அது வரப்பைத் தாண்டாது. அடுத்த வயலுக்குப் போகணும்னா மடை வழியாத்தான் போகணும்.

சப்நெட் மாஸ்க்தான் அந்த வரப்பு. 'டீஃபால்ட் கேட்வே'னு ஒரு முகவரி கேட்பாங்களே... அது மடை. அந்த மடையில உட்கார்ந்திருக்கிறவர் ரவுட்டர்.

உங்க கம்ப்யூட்டர் ஒரு டேட்டாவை அனுப்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கும்: 'நான் அனுப்ப வேண்டிய ஆள் என் வயலுக்குள்ளேயே இருக்காரா, வெளியில இருக்காரா?' மாஸ்க்கை வெச்சு ரெண்டு முகவரியோட முன்பாதியையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒண்ணா இருந்தா 'இந்த முகவரிக்காரர் யாருப்பா?'ன்னு அந்த வயல் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுக்கும். இந்தக் குரலுக்குப் பேர் ஏ.ஆர்.பி. சம்பந்தப்பட்டவர் கை தூக்குவார், டேட்டா நேரா அவர்கிட்ட போயிடும். முன்பாதி வேற வேறயா இருந்தா, குரல் கொடுக்காம நேரா மடைக்கு, அதாவது ரவுட்டர்கிட்ட கொடுத்துடும்.

வரப்பு போட்டா கொஞ்சம் நிலம் வரப்புக்கே போயிடும் இல்லையா? இங்கேயும் அதே கதைதான். ஒவ்வொரு சப்நெட்டுலயும் முதல் முகவரி, அந்த நெட்வொர்க்கோட பேர். கடைசி முகவரி பிராட்காஸ்ட், அதாவது எல்லாரையும் ஒரே நேரத்துல கூப்பிடறதுக்கு. இந்த ரெண்டையும் எந்தக் கம்ப்யூட்டருக்கும் கொடுக்க முடியாது. அதனால 256 இருந்தா 254தான் கைக்கு வரும். 64 இருந்தா 62. நாலு இருந்தா ரெண்டே ரெண்டு!

அது சரி, எதுக்குப் பிரிக்கணும்?

எல்லாரையும் ஒரே வயல்ல போட்டா என்ன ஆகும்னு கேட்கிறீங்களா? ஹாஸ்டல்ல ஒருநாள் நடக்கக்கூடிய விஷயத்தைச் சொல்றேன், கேளுங்க.

காலேஜ் முழுக்க ஒரே நெட்வொர்க்னு வெச்சுக்குவோம். லேப், ஆபீஸ், எக்ஸாம் செல், ஹாஸ்டல் எல்லாம் ஒண்ணு. ரூமுல வை-ஃபை வேணும்னு ஒரு நண்பர் வீட்டுல சும்மா கிடந்த ரவுட்டரைக் கொண்டு வர்றார். சுவர்ல இருக்கிற கேபிளை எடுத்து, ரவுட்டரோட பின்பக்கம் இருக்கிற நாலு ஓட்டையில ஏதோ ஒண்ணுல சொருகுறார். அவ்வளவுதான், வினை ஆரம்பம்.

ஏன்னா, வீட்டு ரவுட்டர்லயும் ஒரு டி.ஹெச்.சி.பி. சர்வர் இருக்கு. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் 'எனக்கு ஒரு முகவரி கொடுங்களேன்'னு நெட்வொர்க் முழுக்கக் கேட்கும் இல்லையா, அதுக்குப் பதில் சொல்ற ஆள் அவர்தான். காலேஜோட சர்வர் பதில் சொல்றதுக்கு முன்னாடி இந்தக் குட்டி ரவுட்டர் முந்திக்கிட்டு '192.168.0.105, இந்தா பிடி! மடை நான்தான்!'னு கொடுத்துட்டா? வாங்கின சிஸ்டம் எல்லாம் நடுத்தெருவுல நிக்கும். ஹாஸ்டல்ல கிரிக்கெட் ஸ்கோர் வராம போனா பரவாயில்லை. அதே நேரத்துல எக்ஸாம் செல்லுல ஹால் டிக்கெட் பிரின்ட் எடுத்துக்கிட்டு இருந்தா? லேபுல ஆன்லைன் டெஸ்ட் ஓடிக்கிட்டு இருந்தா? ஹாஸ்டல் ரூம்ல சொருகின ஒரு கேபிள், யாரோ ஒருத்தரோட பரீட்சையைக் கெடுத்துடும்.

ஹாஸ்டல் தனி சப்நெட்டா இருந்தா, அந்தக் கூத்து ஹாஸ்டல் வரப்புக்குள்ளேயே அடங்கிடும். ஏன்னா, முகவரி கேட்கிற அந்தக் குரல் தானா ரவுட்டரைத் தாண்டாது.

வைரஸ் விஷயத்துலயும் இப்படித்தான். 2017 மே மாசம் உலகத்தையே ஆட்டிவெச்ச 'வான்னாக்ரை' ஞாபகம் இருக்கா? இங்கிலாந்துல ஆஸ்பத்திரிகள் எல்லாம் ஸ்தம்பிச்சுப் போச்சு. ஒரு சிஸ்டத்துல நுழைஞ்சதும் அது செஞ்ச வேலைகள்ல ஒண்ணு, அந்த சிஸ்டம் இருக்கிற சப்நெட்டுல உள்ள முகவரிகளை ஒவ்வொண்ணா கதவு தட்டிப் பார்க்கிறதுதான். வயல் எவ்வளவு பெருசோ, அவ்வளவு கதவு!

இங்க ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். வெறுமனே நம்பரை மாத்திக் கொடுத்துட்டு, எல்லா கேபிளையும் ஒரே ஸ்விட்ச்சுல சொருகினா பிரிச்ச மாதிரி ஆகாது. அது பேப்பர்ல மட்டும் போட்ட வரப்பு. ஸ்விட்ச்சுல 'வி-லேன்'னு ஒரு வசதி இருக்கு. இந்த இந்த போர்ட் ஹாஸ்டலுக்கு, இந்த இந்த போர்ட் ஆபீஸுக்குனு பிரிக்கணும். அப்புறம் ரவுட்டர்லயோ ஃபயர்வால்லயோ 'ஹாஸ்டல்ல இருந்து எக்ஸாம் செல்லுக்கு வழி கிடையாது'னு தனியா சொல்லணும். சொல்லாம விட்டா ரவுட்டர் நல்ல பிள்ளையா மடையைத் திறந்து விட்டுடும். இன்டர்வியூவுல இந்த ரெண்டு பாயின்ட்டையும் சொல்லிப் பாருங்க, எதிர்ல இருக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

வாங்க, வரப்பு போடுவோம்

இப்போ பேனாவை எடுங்க. அதே 192.168.10.0/24தான்.

முதல் விதி: எவ்வளவு கேட்டாங்களோ அதோட ரவுட்டருக்கு ஒண்ணு சேர்த்துக்குங்க. லேபுக்கு 101, லைப்ரரிக்கு 51, ஸ்டாஃப் ரூமுக்கு 26, ஆபீஸுக்கு 13. நிறைய பேர் கோட்டை விடுற இடம் இதுதான். சரியா 14 சிஸ்டம் இருக்கிற ஆபீஸுக்கு 16 முகவரி கொடுத்துட்டு, மடைக்கு இடம் இல்லாம முழிப்பாங்க!

ரெண்டாவது விதி: இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. 128, 64, 32, 16, 8, 4... இப்படிப் பாதி பாதியாத்தான் வெட்ட முடியும். ஒவ்வொரு தடவை பாதியாக்கும்போதும் ஸ்லாஷ் எண் ஒண்ணு கூடும். 256ன்னா /24, 128ன்னா /25, 64ன்னா /26, 32ன்னா /27, 16ன்னா /28, 8ன்னா /29, 4ன்னா /30.

மூணாவது விதி: 64 அளவுள்ள வயல், 64ஆல் வகுபடுற எண்ல இருந்துதான் தொடங்கணும். 0, 64, 128, 192... இதுல ஏதாவது ஒண்ணு. 16ல தொடங்கி 79 வரைன்னு 64 முகவரிக்கு ஒரு வயல் போட முடியாது.

நாலாவது விதி: பெரிய குடும்பத்துக்கு முதல்ல இடம் கொடுங்க. சின்னதுல இருந்து தொடங்கினாலும் சாமர்த்தியமா பார்த்துப் பார்த்து வெச்சா பொருத்திடலாம். ஆனா பெருசுல ஆரம்பிச்சா, மூணாவது விதியைப் பத்தி யோசிக்கவே தேவையில்லை. அதுவா சரியா விழும்.

போடுவோமா?

லேப்: 101 வேணும். 64 பத்தாது, அதனால 128. முகவரி 192.168.10.0/25. கம்ப்யூட்டர்களுக்கு 1 முதல் 126 வரை. 127 பிராட்காஸ்ட்.

லைப்ரரி: 51 வேணும். 64 போதும். 192.168.10.128/26. கம்ப்யூட்டர்களுக்கு 129 முதல் 190 வரை. 191 பிராட்காஸ்ட்.

ஸ்டாஃப் ரூம்: 26 வேணும். 32 போதும். 192.168.10.192/27. கம்ப்யூட்டர்களுக்கு 193 முதல் 222 வரை. 223 பிராட்காஸ்ட்.

ஆபீஸ்: 13 வேணும். 16 போதும். 192.168.10.224/28. கம்ப்யூட்டர்களுக்கு 225 முதல் 238 வரை. 239 பிராட்காஸ்ட்.

கூட்டிப் பாருங்க. 128, 64, 32, 16... மொத்தம் 240. இன்னும் 16 முகவரி பாக்கி! சமமா பிரிச்சப்போ லேபுக்கே இடம் இல்லாம இருந்தது. அதே நிலம்தான், இப்போ எல்லாருக்கும் கொடுத்தும் மிச்சம் இருக்கு. இப்படி வேற வேற அளவுல பிரிக்கிறதுக்குப் பேர் வி.எல்.எஸ்.எம்.

மாஸ்க்கை எண்ணா எழுதச் சொன்னா? 256ல இருந்து வயலோட அளவைக் கழிங்க. 64ன்னா 192. அதனால 255.255.255.192. 16ன்னா 240. அதனால 255.255.255.240. பைனரியே எழுத வேண்டாம்!

ரெண்டு சிஸ்டம் கூடுதலா வந்தா?

மார்க் வாங்குறதுக்கு மேல இருக்கிறது போதும். வேலை பார்க்கிறதுக்கு இனிமேல்தான் இருக்கு.

ஆபீஸைப் பாருங்க. கைக்கு வர்ற முகவரி 14. ரவுட்டரோட சேர்த்து 13 போயாச்சு. மிச்சம் ஒண்ணே ஒண்ணு. அடுத்த வருஷம் ரெண்டு சிஸ்டம் புதுசா வாங்கினா?

இப்போ அந்தப் பாக்கி 16ஐப் பாருங்க. 240 முதல் 255 வரை. ஆபீஸ் வயலுக்கு ஒட்டின பக்கத்து மனை! அதை யாருக்கும் கொடுக்காம வெச்சிருந்தா, நடு வரப்பை வெட்டிட்டு ரெண்டையும் ஒண்ணாக்கி 192.168.10.224/27னு மாத்திடலாம். கைக்கு 30 முகவரி. பழைய சிஸ்டங்களோட ஐ.பி.யை மாத்தவே வேண்டாம், மாஸ்க்கை மட்டும் மாத்தினா போதும்.

ஆனா 'சும்மாதானே கிடக்கு'னு அந்த 16ஐ வேற எதுக்காவது கொடுத்திருந்தா? ஆபீஸ் முழுக்க நம்பர் மாத்தணும். பிரின்டர், பயோமெட்ரிக் மெஷின், பழைய சாஃப்ட்வேர்ல யாரோ எழுதி வெச்ச ஐ.பி.னு ஒவ்வொண்ணா தேடித் தேடி மாத்தணும். ஞாயித்துக்கிழமை போச்சு! அதனால பிரிக்கும்போதே கேளுங்க: 'ரெண்டு வருஷம் கழிச்சு யார் வளருவாங்க?' அவங்களுக்குப் பக்கத்துல காலி மனை விடுங்க.

அப்படி மாஸ்க் மாத்தும்போது ஒரே ஒரு சிஸ்டத்துல விட்டுப்போனா ஒரு வேடிக்கை நடக்கும். லேபுல 192.168.10.10ங்கிற சிஸ்டத்துல பழைய 255.255.255.0 அப்படியே இருக்குனு வைங்க. இன்டர்நெட் ஜோரா வரும். ஆனா லைப்ரரியில 192.168.10.140ல இருக்கிற பிரின்டர் மட்டும் கிடைக்காது! ஏன்? பிரின்டர் தன்னோட வயலுக்குள்ளேயே இருக்குனு அந்த சிஸ்டம் நினைச்சுக்கும். மடைக்குப் போகாம லேபுக்குள்ளேயே குரல் கொடுத்துக்கிட்டு இருக்கும். பிரின்டர் வரப்புக்கு அந்தப் பக்கம். காதுல விழாது. 'நெட் வருது, ஆனா பக்கத்து டிபார்ட்மென்ட் வரலை'னு யாராவது சொன்னா, முதல்ல மாஸ்க்கைப் பாருங்க.

நோட்ஸ்ல ஒண்ணு, நிஜத்துல ஒண்ணு

உண்மையான காலேஜ்ல இப்படி 256க்குள்ள கஞ்சத்தனமா பிரிப்பாங்களான்னு கேட்டா, பெரும்பாலும் தேவையில்லை. உள்ளுக்குள்ள மட்டும் பயன்படுத்தறதுக்குனு மூணு பெரிய வயல்களை 1996லயே ஆர்.எஃப்.சி. 1918ங்கிற ஆவணம் ஒதுக்கி வெச்சிடுச்சு. 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. இதுல முதல் வயல்ல மட்டும் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல முகவரி! அதனால 10.3.2.0/24ன்னா மூணாவது பிளாக், ரெண்டாவது மாடினு பார்த்ததுமே புரியற மாதிரி பெயர் வைக்கலாம். ராத்திரி பத்து மணிக்கு ஏதாவது மக்கர் பண்ணினா, நம்பரைப் பார்த்தே எந்தக் கட்டடத்துக்கு ஓடணும்னு தெரியும்.

172 வரிசையில ஒரு பொறி இருக்கு, ஜாக்கிரதை. 172.16ல தொடங்கி 172.31 வரைக்கும்தான் உள்வீட்டு முகவரி. 172.32 வெளியுலகத்தைச் சேர்ந்தது.

அப்போ சின்னதா வெட்டத் தெரிய வேண்டாமா? வேணும். வெளியுலக முகவரி எட்டோ பதினாறோதான் கையில இருக்கும்போது வேணும். ரெண்டு ரவுட்டரை இணைக்கிற லைனுக்கு /30 போடும்போது வேணும். அங்கே ரெண்டு முனைதானே, வரப்புக்கு எதுக்கு நிலம்னு /31 போடவும் 2000லயே அனுமதி வந்துடுச்சு. கிளவுட்லயும் வேணும். அமேசான் கிளவுட்ல ஒவ்வொரு சப்நெட்டுலயும் ரெண்டு இல்லை, அஞ்சு முகவரியை அவங்களே எடுத்துக்குவாங்க. அதனால அங்கே /28 போட்டா கைக்கு வர்றது 11தான். 14னு நினைச்சுக்கிட்டு டிசைன் பண்ணினா மாட்டிக்குவீங்க.

இன்னொண்ணு. சீனியர் கொடுத்த ஜெராக்ஸ் நோட்ஸ்ல 'சப்நெட்டுகளோட எண்ணிக்கையிலயும் ரெண்டைக் கழிக்கணும்'னு இருந்தா, அது பழைய காலத்து விதி. முதல் சப்நெட்டையும் கடைசி சப்நெட்டையும் தாராளமா பயன்படுத்தலாம்னு 1995லயே சொல்லியாச்சு. ரெண்டைக் கழிக்கிறது கம்ப்யூட்டர்களோட எண்ணிக்கையில மட்டும்தான்.

உலகத்தோட பாகப்பிரிவினை

நம்ம காலேஜ்ல செஞ்ச இதே பங்கை, ஒரு காலத்துல உலகத்துக்கே செய்ய வேண்டியிருந்தது. அங்கே நடந்தது என்ன தெரியுமா?

32 பிட்டுல மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரி. இந்த அளவு 1981ல வந்த ஆர்.எஃப்.சி. 791ல உறுதியாச்சு. அப்போ மூணே மூணு சைஸ்தான் இருந்துச்சு. 'ஏ' கிளாஸ்னா 1 கோடியே 67 லட்சம். 'பி' கிளாஸ்னா 65,536. 'சி' கிளாஸ்னா 256. ரெண்டாயிரம் சிஸ்டம் இருக்கிற ஒரு கம்பெனி என்ன பண்ணும்? 256 பத்தாது. 65,536 வாங்கும். 63 ஆயிரம் முகவரி சும்மா கிடக்கும். ரெடிமேட் சட்டை மாதிரிதான், உங்க அளவுக்குத் தைக்க வழி இல்லை!

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல இருக்கிற எம்.ஐ.டி.க்கு (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லைங்க!) 18ல தொடங்குற மொத்த வயலும் கிடைச்சுது. ஒரு யுனிவர்சிட்டிக்கு 1 கோடியே 67 லட்சம் முகவரி! ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டிகிட்டயும் 36ல தொடங்குற ஒரு முழு வயல் இருந்தது. 2000ல அதைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. எம்.ஐ.டி. 2017ல தன்கிட்ட இருக்கிறதுல குறைஞ்சது 80 லட்சம் முகவரி தேவைக்கு மேல இருக்கு, விற்கப்போறோம்னு அறிவிச்சது. ஒருத்தர் திருப்பிக் கொடுத்தார், இன்னொருத்தர் வித்தார். முகவரிக்கு மார்க்கெட் வந்துட்ட காலம் அது.

நடுவுல திருத்தங்கள் வந்தது. 1985ல ஜெஃப்ரி மோகுலும் ஜான் போஸ்டலும் எழுதின ஆர்.எஃப்.சி. 950, ஒரு நெட்வொர்க்கை உள்ளுக்குள்ள பிரிக்கிற முறையைச் சொல்லிச்சு. 1993ல கிளாஸ் முறையையே தூக்கிப் போட்டுட்டு, எந்த இடத்துல வேணும்னாலும் வரப்பு போடலாம்னு 'சி.ஐ.டி.ஆர்.' வந்தது. நாம இப்போ எழுதுற ஸ்லாஷ் அங்கிருந்து வந்ததுதான்.

ஆனா நிலம் நிலம்தானே, வளராதே! 2011 பிப்ரவரி 3ஆம் தேதி உலகக் கையிருப்புல கடைசியா இருந்த அஞ்சு பெரிய வயல்களை அஞ்சு மண்டலங்களுக்கு ஆளுக்கு ஒண்ணா கொடுத்துட்டாங்க. குடோன் காலி. ஆசிய-பசிபிக் மண்டலத்துக்கு, அதாவது நமக்கும் சேர்த்து, கிடைச்சது 103ல தொடங்குற வயல். அதே வருஷம் ஏப்ரல்ல இங்கே ரேஷன் ஆரம்பிச்சிடுச்சு. உறுப்பினர் ஒருத்தருக்கு அதிகபட்சம் 1,024 முகவரி. 2019ல அதுவும் 512 ஆச்சு. அங்கே ஒரு யுனிவர்சிட்டிக்கு கோடிக்கணக்குல, இங்கே ஒரு இன்டர்நெட் கம்பெனிக்கே 512. முதல்ல பந்தியில உட்கார்ந்தவங்களுக்கு வடை பாயசம், லேட்டா வந்த நமக்கு ரசம்!

அதனாலதான் இன்னிக்கு ஒரே வெளி முகவரிக்குப் பின்னாடி ஒரு ஹாஸ்டலே ஒளிஞ்சு வாழுது. என்.ஏ.டி.னு சொல்றது அதைத்தான். நிரந்தரத் தீர்வு ஐ.பி.வி6. அதுல 128 பிட். ஒரு சாதாரண சப்நெட்டே /64. அதுல அடங்குற முகவரி, பழைய மொத்த இன்டர்நெட் முகவரிகளைப் போல 429 கோடி மடங்கு! உங்க காலேஜுக்கு /48 ஒண்ணு கிடைச்சா, 65,536 சப்நெட் போடலாம். அங்கே சிஸ்டத்தை எண்ண வேண்டிய வேலையே இல்லை.

அப்போ பிரிக்கிற வேலையும் இல்லையா? இருக்கு. எக்ஸாம் செல்லையும் ஹாஸ்டலையும் ஐ.பி.வி6லயும் தனித்தனியாத்தான் வைக்கணும். 'எத்தனை பேர்?'ங்கிற கேள்வி போயிடுச்சு. 'யார் பக்கத்துல யார்?'ங்கிற கேள்வி அப்படியே இருக்கு.

உங்களுக்கு ரெண்டு கணக்கு

விடையைப் பார்க்காம போடணும், சரியா?

1. 192.168.10.77/27ங்கிற சிஸ்டம் எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது? அதோட பிராட்காஸ்ட் என்ன?

2. 10.20.4.0/22ங்கிற நெட்வொர்க்குல 10.20.6.255ங்கிற முகவரியை ஒரு கம்ப்யூட்டருக்குக் கொடுக்கலாமா, கூடாதா?

போட்டாச்சா? விடை இதோ.

முதல் கணக்கு: /27ன்னா 32 அளவு. 0, 32, 64, 96... 77 எங்கே விழுது? 64க்கும் 96க்கும் நடுவுல. நெட்வொர்க் 192.168.10.64. அடுத்த வயல் 96ல தொடங்குது, அதுக்கு முந்தின 95தான் பிராட்காஸ்ட். சிஸ்டங்களுக்கு 65 முதல் 94 வரை.

ரெண்டாவது கணக்கு: 255ல முடியுது, கூடாதுனு சொல்லியிருப்பீங்களே? கொடுக்கலாம்! /22ன்னா நாலு 256 சேர்ந்த ஒரே வயல். 10.20.4.0ல தொடங்கி 10.20.7.255 வரை போகுது. பிராட்காஸ்ட் 10.20.7.255 மட்டும்தான். 10.20.6.255 நடு வயல்ல இருக்கிற ஒரு சாதாரண முகவரி.

ரெண்டும் சரியா வந்தவங்க, நாளைக்கு லேபுக்குப் போனதும் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'ஐ.பி.கான்ஃபிக்' அடிச்சுப் பாருங்க. வர்ற ஐ.பி., மாஸ்க், கேட்வே மூணையும் பேப்பர்ல எழுதுங்க. உங்க லேப் எந்த எண்ல தொடங்கி எந்த எண்ல முடியுதுனு கணக்குப் போடுங்க. அப்புறம் ஹாஸ்டலுக்கு வந்து லேப்டாப்லயும் அதையே செய்யுங்க. ரெண்டும் ஒரே வயலா, வேற வேற வயலா? ஒரே வயல்னு வந்தா, லேப் இன்சார்ஜ் சார்கிட்ட போய், "சார், எக்ஸாம் செல் எந்த சப்நெட்டுல சார் இருக்கு?"ன்னு கேளுங்க.